பூகோளம் கிடைக்கிற ஊர்

"ஜியாகிராபியா, ஜியாலஜியா?" என்று கேட்டார் கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்.

"ஜியாகிராபிங்க" என்றார் அப்பா.

"அது இங்க கிடையாது. ஹிஸ்டரி இருக்கு, எகனாமிக்ஸ் இருக்கு. பொண்ணு நல்ல மார்க் வச்சிருக்குதே, ஹிஸ்டரி போட்டா இன்னைக்கே சீட்டு."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். திருவண்ணாமலைப் பக்கத்து வெயில் புனாக்காரியான எனக்கு எப்போதுமே பழகியதில்லை. டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கி நாங்கள் பார்த்த மூன்றாவது கல்லூரி அது. முதல் கல்லூரியில், "அதெல்லாம் பி.எட் படிக்கறவங்க எடுக்கறதுல்ல?" என்றார்கள். இரண்டாவதில், அப்படி ஒரு பட்டப்படிப்பு இருப்பதையே அப்பா அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. சென்னைக்குப் போனால் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். சென்னையில் எங்களுக்கு யாரும் இல்லை. ஹாஸ்டலில் விட அப்பாவுக்கு மனம் வரவில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. நான் புனாவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பா கட்கியில் இருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, சொந்த ஊரில் கட்டி வைத்திருந்த வீட்டுக்குக் குடிபோய், என்னையும் அங்கேயே கல்லூரியில் சேர்ப்பது என்று எல்லாம் தீர்மானமாகியிருந்தது. அந்தத் தீர்மானத்தில் யாரும் யோசிக்காத ஒரே விஷயம், நான் படிக்க விரும்பிய பாடம் அந்த ஊரில் இருக்கிறதா என்பது.

எனக்கே அந்தப் பாடத்தின் மேல் ஆசை வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. குவார்ட்டர்ஸ் பக்கத்தில் நான் படித்த பள்ளியில் பூகோள டீச்சர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. பூகோள பீரியட் என்றால் எங்களுக்கு விளையாட்டு பீரியட். மழை பெய்தால் வகுப்பில் உட்கார்ந்து அந்தாக்ஷரி. பரீட்சைக்கு முன்னால் யாராவது வந்து புத்தகத்தில் கோடு போடச் சொல்லிவிட்டுப் போவார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இந்திய வரைபடத்தில் நான் குறித்த கோதாவரி வங்காள விரிகுடாவுக்குப் போகாமல் நாக்பூரில் நின்றுவிட்டது.

பதினொன்றாம் வகுப்புக்கு நகரத்துக்குள் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து பி.எம்.டி பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். அந்த அரை மணி தூரத்தில் பூகோளத்துக்கென்று ஒரு தனி மாடியே இருந்தது! மாடிப்படிச் சுவரில் பாறைத் துண்டுகள், கண்ணாடிப் பெட்டிக்குள் சஹ்யாத்ரி மலையின் களிமண் உருவம், கதவைத் திறந்தால் வரைபட மேசைகள். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஒருநாள் எங்கள் லெக்சரர் மேடம் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஒரு கருவியின் வழியே பார்க்கச் சொன்னார். நான்கு கால்களில் நிற்கும் மூக்குக்கண்ணாடி போல இருந்த அதன் பெயர் ஸ்டீரியோஸ்கோப். அதன் அடியில் விமானத்திலிருந்து எடுத்த இரண்டு புகைப்படங்கள் பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் ஒன்றுபோலவே சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தன. என் முறை வந்தது. குனிந்து பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. "அவசரப்படாதே, கண்ணைத் தளர்த்திக்கொள்" என்றார் மேடம் மராத்தியில். தளர்த்தினேன். இரண்டு படங்களும் மெல்ல நகர்ந்து ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. அடுத்த நொடி மலை எழுந்தது. தட்டையான காகிதத்திலிருந்து ஒரு மலைக்கோட்டை விருட்டென்று என் மூக்குக்கு நேராக எழும்பி நின்றது. அதன் பக்கத்தில் பள்ளத்தாக்கு எங்கோ பாதாளத்தில் கிடந்தது.

"அய்யோ!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. இன்னொரு தடவை பார்க்கலாமா என்று வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டேன். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பாடம்.

அதைத்தான் ஊரில் மூன்று கல்லூரிகளில் தேடிவிட்டுத் திரும்பினோம். குவார்ட்டர்ஸில் சாமான் கட்டும் வேலை பாக்கியிருந்ததால் அப்பா, அம்மா, நான் மூவரும் அரக்கோணத்தில் மும்பை ரயில் ஏறினோம். அப்பாவுக்கு மனது சரியில்லை. "ஹிஸ்டரியும் நல்ல படிப்புதான் பாப்பா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நான் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

காலையில் குண்டக்கல் தாண்டியதும் நான் கதவருகே போய் நின்றேன். வெளியே உருண்டைப் பாறைகளின் மேல் பாறைகள், யாரோ அடுக்கிவிட்டுப் போனது போல. சிவந்த மண். ராய்ச்சூர் வந்து, கிருஷ்ணா நதியின் நீண்ட பாலம் தடதடவென்று கடந்தது. சின்ன வயதிலிருந்து இந்தப் பாதையில் எத்தனை முறை போய் வந்திருப்பேன்! ஒருமுறையாவது வெளியே பார்த்திருக்கிறேனா? படித்தது எல்லாம் கண்முன்னால் வரிசையாக வந்துகொண்டிருந்தபோது எனக்கு உட்காரவே முடியவில்லை.

"அப்பா, இங்க வாங்களேன்! சீக்கிரம்!"

என்னவோ ஏதோ என்று அவர் எழுந்து ஓடிவந்தார்.

"இந்த உருண்டைப் பாறை எல்லாம் கிரானைட். நம்ம ஊர் மலை மாதிரி. இன்னும் கொஞ்ச நேரத்துல இது நின்னுடும். அப்பறம் பட்டைப் பட்டையா சுண்ணாம்புக்கல்லு வரும். அதுக்கப்பறம் கறுப்பு மண்ணு. புனா வரைக்கும் கறுப்புதான், பாருங்க."

"நீ எப்பிடிச் சொல்ற?"

"பாருங்களேன்."

பார்த்தார். வாடி ஸ்டேஷன் நெருங்கும்போது உருண்டைப் பாறைகள் இல்லாமல் போயின. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பலகை பலகையாக வெட்டி அடுக்கிய சாம்பல் நிறக் கற்கள். அப்பா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏய், இது நம்ம குவார்ட்டர்ஸ் தரைக்கல்லு!"

"ஷாஹாபாத் கல்லுப்பா. அடுத்த ஸ்டேஷன் பேரு என்னன்னு பாருங்க."

ஷாஹாபாத் என்ற மஞ்சள் பலகை கதவைத் தாண்டிப் போனது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். முப்பது வருடமாக அந்தக் கல்லின் மேல் நடந்து, படுத்து, குப்புற விழுந்து வளர்ந்த குடும்பம் எங்களுடையது. அது ஓர் ஊரின் பெயர் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. குல்பர்கா தாண்டி மண் சொன்னபடியே கறுத்ததும், எதிர் சீட்டில் இருந்த சோலாப்பூர்க்காரரைக் கூப்பிட்டு, "மேரி பேட்டி நே பஹலே ஹீ போலா தா" என்று, மகள் முன்பே சொல்லிவிட்டதை இந்தியில் பெருமையடித்துக்கொண்டார்.

இதையெல்லாம் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, அப்பா திரும்பி வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்.

"ஏங்க, மூணு காலேஜ் ஏறி இறங்கினீங்களே. ஹிஸ்டரில சேத்தா இவ இந்த மாதிரி எழுந்து ஓடுவாளா?"

"அதுக்கு என்ன பண்றது? அங்க இல்லியே."

"புனாவுல இருக்குதில்ல?"

"இங்கயே இருந்தா வீட்ட யாரு பாக்கறது? கட்டிப் போட்டுட்டு வந்திருக்கோம்."

"வீடு எங்க ஓடப்போவுது? நீங்க போய் இருங்க. நானும் இவளும் ஒரு ரூம் எடுத்துக்கிட்டு இங்க இருக்கோம். படிச்சு முடிக்கட்டும்."

அப்பா அவளை உற்றுப் பார்த்தார். "நீயா? பாஜி மார்க்கெட்டுல காய் வாங்கவே நான் கூட வரணும் உனக்கு."

"இனிமே நானே போறேன்" என்றாள் அம்மா.

அம்மாவை அதுவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. மராத்தியில் அவளுக்குத் தெரிந்தது, "கிதி?" என்று விலை கேட்பதும், "நக்கோ" என்று வேண்டாம் சொல்வதும்தான். டௌண்டு ஸ்டேஷனில் வடாபாவ் வாங்கிச் சாப்பிட்டோம். புனாவில் இறங்கும்போது நான் அங்கேயே படிப்பது என்று முடிவாகிவிட்டது.

அப்பா ஊருக்குப் போனார். நாங்கள் காசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்தில், ஒரே அறையில் குடியேறினோம். இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பட்டறைகள். நாள் முழுக்க லேத் சத்தம். பக்கத்து அறை மராத்திக்கார அக்கா ஒரு மோட்டார் பட்டறையில் வேலை செய்தாள். அம்மா ஒயர்க்கூடை பின்னுவதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கை சும்மா ஏன் இருக்கிறது?" என்று ஒருநாள் கையோடு கூட்டிப் போனாள். செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றி மோட்டாருக்குள் பொருத்துகிற வேலை. முதல் வாரம் அம்மா விரலெல்லாம் கீறலோடு வந்தாள். ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "இன்னைக்கு நான் சுத்தின காயில்ல மோட்டாரு ஓடிச்சுடி! சர்ருன்னு!" என்று கையைச் சுழற்றிக் காட்டினாள்.

நான் பழைய கல்லூரியிலேயே பி.ஏ.வில் பூகோளம் எடுத்தேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ரஞ்சன்காவ் அருகே ஒரு கிராமத்திலிருந்து வந்தவள். எங்கள் பள்ளியில் டீச்சரே இல்லை என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. அவளுடைய கிராமத்துப் பள்ளியில் பூகோள சாருக்குத்தான் பயப்படுவார்களாம். அடிவாங்கியே காற்றுகளின் பெயர்களைக் கற்றிருந்தாள். நகரத்தின் ஓரத்தில் வளர்ந்த எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிராமத்தில் கிடைத்திருந்தது. ஆனால் அவள் அதுவரை ஒரு பாறைப் பெட்டியையோ, நல்ல அட்லஸையோ தொட்டதில்லை. இரண்டு பேரும் அந்த மாடியில் அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்தோம்.

அவளுக்கு எல்லாம் மராத்தியில் தெரியும், எனக்கு இங்கிலீஷில். ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் படம் போட்டு அம்மாவுக்கு விளக்கினேன். ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களையெல்லாம் சேர்த்துக் கோடு போட்டால் மலையைக் காகிதத்தில் கொண்டுவந்துவிடலாம் என்று.

"இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?" என்றாள் அம்மா.

எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி பூத்திலிருந்து அப்பாவோடு பேசும்போது அம்மா அதை அவரிடம் கேட்டாள். அப்பாவுக்கும் தெரியவில்லை. ஆனால் ஊரில் அவருக்குப் பொழுது போகவில்லை. மறுநாளே நேராக உயர்நிலைப் பள்ளிக்குப் போய் சமூக அறிவியல் ஆசிரியரைப் பிடித்திருக்கிறார். அடுத்த ஞாயிறு நான் ஹலோ சொல்வதற்கு முன்பே ரிசீவரில் அவர் குரல் வெடித்தது.

"சமஉயரக் கோடு! எழுதிக்கோ பாப்பா, சமஉயரக் கோடு!"

"யாருப்பா சொன்னாங்க?"

"வாத்தியாரு. பாவம், அவரு ஹிஸ்டரி படிச்சவராம். பூகோளம் பாதிய நடத்தறதுக்குள்ள வருசம் முடிஞ்சிடுதுன்றாரு. புஸ்தகத்தப் பாத்துதான் சொன்னாரு. வேற என்ன வேணும், கேளு."

அன்றிலிருந்து வாரம் ஒரு சொல் கேட்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. வண்டல், கழிமுகம், பீடபூமி என்று அப்பா சொல்லச் சொல்ல நான் பூத்துக்குள் நின்று திரும்பச் சொல்வேன். என் தமிழ் வளர்ந்தது அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்தான். கூடவே அப்பா இன்னொரு காரியமும் செய்துகொண்டிருந்தார். டவுனுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஹிஸ்டரி சீட்டு தருவதாகச் சொன்ன அந்தக் கல்லூரி அலுவலகத்துக்குள் தலையை நீட்டி, "ஜியாகிராபி வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு வருவாராம்.

கடைசி வருடம் ஒரு கிராமத்தை அளந்து வரைபடம் போட வேண்டும். ரஞ்சன்காவ் தோழி, "எங்கள் ஊருக்கே போகலாம்" என்றாள். முக்காலியின் மேல் பலகை, பலகையின் மேல் காகிதம், பார்வை பிடிக்க ஓர் அளவுகோல். இவற்றைத் தூக்கிக்கொண்டு எஸ்.டி என்கிற அரசு பஸ்ஸில் போய் இறங்கினோம். அவர்கள் ஊரின் ஒரு பக்கம் சோளக்காடு. மறுபக்கம் வேலி போட்ட தொழிற்பேட்டை, புதிதாக எழும்பும் தகரக் கூரைகள். கோயில் கலசம், தண்ணீர்த் தொட்டி, தொழிற்சாலைப் புகைக்கூண்டு, மூன்றையும் குறிவைத்துக் கோடு இழுத்தோம். மூன்று கோடும் ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும், அதுதான் வரைபடத்தில் நாங்கள் நிற்கிற இடம். சேரவில்லை. நடுவே ஒரு முக்கோணம் விழுந்தது. பலகையைத் திருப்பி மறுபடியும் இழுத்தோம்.

தலையை நிமிர்த்தினால் எங்களைச் சுற்றிக் கூட்டம். பெண்கள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். ஒரு பெரியவர் முன்னால் வந்து மராத்தியில் சத்தம் போட்டார். "இன்னும் எவ்வளவு நிலம் வேண்டும் உங்களுக்கு? எடுத்தது போதாதா?" என்று. அந்த ஊரில் இப்படிப் பலகையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் அடுத்து நிலம் போகும் என்று அர்த்தம். நான் ஓரடி பின்வாங்கினேன். தோழி வெயிலுக்காக முகத்தை மூடிக் கட்டியிருந்த துப்பட்டாவை அவிழ்த்தாள். "சித்தப்பா, நான்தான்! கல்லூரிப் பாடத்துக்காக அளக்கிறோம். கம்பெனிக்கு இல்லை" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதில் என் வீடு எங்கே?"

தோழி காட்டினாள். அவ்வளவுதான்! என் வீடு எங்கே, என் கிணறு எங்கே என்று எல்லோரும் பலகையின் மேல் விழுந்தார்கள். ஒரு பாட்டி தன் புளியமரத்தைப் போடாமல் போகக் கூடாது என்றாள், போட்டோம். பிள்ளைகள் தூரத்தில் குச்சி பிடித்து நின்றார்கள். அந்த ஆரவாரத்துக்கு நடுவே கடைசி முறையாகக் கோடு இழுத்தேன். முக்கோணம் சுருங்கி, மூன்று கோடும் ஒரே புள்ளியில் விழுந்தன.

"ஜம்லா! ஜம்லா!" என்று தோழி குதித்தாள். சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம். ஏன் குதிக்கிறோம் என்று தெரியாமலே ஊரும் சேர்ந்து கைதட்டியது. அன்று அவர்கள் வீட்டில் சோள ரொட்டி பாக்கரியும் கடலைமாவு பிட்லாவும் சாப்பிட்ட ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

பி.ஏ. முடித்து எம்.ஏ.வும் முடித்தேன். இதற்கு நடுவே அப்பா ஊர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். "தனியா சமைச்சு சாப்பிட முடியலடி" என்றார். அம்மா பட்டறையில் பத்துப் பெண்களுக்கு வேலை சொல்லித் தருபவளாகியிருந்தாள். ஊருக்குப் போகலாம் என்கிற பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு எனக்கு விஷ்ராந்த்வாடிப் பக்கம் ஒரு ஜூனியர் காலேஜில் பூகோள வேலை கிடைத்தது. தோழி கணினியில் வரைபடம் போடும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள்.

சில வருடங்கள் கழித்து ஊரிலிருந்து சித்தப்பா மகளின் போன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். ஒரு மே மாத விடுமுறையில் நான் அவளை மலைமேல் கூட்டிப்போய் ஊரின் ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எப்படி நிறைகின்றன என்று காட்டியிருந்தேன். அது அவளுக்குள் இறங்கிவிட்டது.

"அக்கா, நீங்க படிச்சதையே படிக்கணும். இங்க கேட்டா இன்னும் இல்லன்றாங்க."

"நான் அப்பவே கேட்டுப் பாத்தேனே" என்றார் பக்கத்தில் நின்ற அப்பா, ஏதோ தன் முயற்சி தோற்றதுபோல.

"கிளம்பி வாடி" என்று அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிச் சொன்னாள்.

வந்தாள். அட்மிஷன் அன்று எனக்குப் பரீட்சை மேற்பார்வை. விடுப்பு கிடைக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் ஹாலில் நடந்துகொண்டே பத்து முறை கடிகாரத்தைப் பார்த்தேன். மாலையில் வீட்டுக்குள் கால் வைத்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"இருங்க, நான் சொல்றேன்" என்று தங்கை எழுந்து நின்றாள். "கவுண்டர்ல இருந்தவரு என் மார்க் ஷீட்டப் பாத்துட்டு, இந்தப் பொண்ணு பன்னெண்டுல பூகோளமே படிக்கல, எப்படிச் சேக்கறதுன்னு மராத்தில கேட்டாராம், பெரிம்மா அப்பறம் சொன்னாங்க. பெரியப்பா பேப்பரத் தேடிக்கிட்டிருக்காரு. பெரிம்மா விடல, உள்ள தலைய நீட்டி..."

"என்னம்மா சொன்ன?"

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள். "என்ன சொல்றது? திக்டே நாஹி, மணூனச் இக்டே ஆலின்னு சொன்னேன்."

அங்கே இல்லை, அதனால்தான் இங்கே வந்திருக்கிறாள் என்று அதற்கு அர்த்தம்.

"பின்னாடி வரிசையே சிரிச்சிடுச்சுக்கா! அந்த ஆளும் சிரிச்சிட்டாரு. உள்ள போய் ஹெட் மேடத்தக் கேட்டாரு. அவங்க வெளிய வந்து என்னப் பாத்து, முதல் வருசத்துலேந்து எடுக்கறதுதானே, சேரட்டும்னுட்டாங்க!"

அப்பா தட்டில் பேடா வைத்து நீட்டினார். தங்கை இரண்டை எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று வாய் நிறையப் பேடாவோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.